துண்டுக்கு அடியில் பேசும் விரல்கள்: டீமில் இருப்பவர்களை வாய் திறந்து கேட்க வைப்பது எப்படி

மாட்டுச் சந்தைகளில் விலை பேசும் பழைய முறை ஒன்று உண்டு. தரகரும் மாட்டுக்காரரும் கையைக் கோத்துக்கொள்வார்கள். மேலே ஒரு துண்டு விழும். அதற்கு அடியில் விரல்தான் பேசும். எத்தனை விரல் பிடிபட்டது என்பது அந்த இருவருக்கு மட்டுமே தெரியும். படியவில்லையென்றால் கையை உதறிவிட்டு அடுத்த ஆளிடம் போகலாம். இவர் எவ்வளவு கேட்டார், அவர் எவ்வளவு குறைத்தார், கடைசியில் யார் இறங்கி வந்தார் என்பது சுற்றி நிற்கிற இருபது பேருக்குத் தெரியாது. யாருக்கும் முகம் வாடாது.

இப்படிப் பேரம் பார்த்து வளர்ந்த மதுரைப் பக்கத்துப் பிள்ளைகள்தான் இலந்தைகுளம், வடபழஞ்சி ஐ.டி. பார்க்குகளிலும் கப்பலூர் சிட்கோ பட்டறைகளிலும் மாசி வீதி ஜவுளிக் கடைகளிலும் வேலை பார்க்கிறார்கள். காலையில் மாட்டுத்தாவணியில் மல்லிகைக்குக் கிலோவுக்கு ஐம்பது ரூபாய் குறைத்து வாங்கி வருகிற ஆள், சாயங்காலம் மேனேஜர் முன்னால் "சரிங்க சார்" என்பதற்கு மேல் வாயைத் திறப்பதில்லை. இதைப் பார்த்துவிட்டு ஹெச்.ஆர். "நம்ம பிள்ளைங்களுக்குப் பேசத் தெரியல, ஒரு கம்யூனிகேஷன் ட்ரெய்னிங் வைக்கணும்" என்று முடிவெடுப்பார். நோய் ஒன்று, மருந்து வேறு. இவர்களுக்குப் பேசத் தெரியும், பேரமும் தெரியும். துண்டு இல்லாத இடத்தில் பேச மாட்டார்கள், அவ்வளவுதான். டீம் லீட், சூப்பர்வைசர், கடை மேலாளர் என்று யார் பொறுப்பில் இருந்தாலும் முதல் வேலை அந்தத் துண்டைப் போட்டுக் கொடுப்பது.

சொன்னவன் தலையில் கட்டாதீர்கள்

மீட்டிங் முடிவில் "யாருக்காவது எதுவும் சொல்லணுமா?" என்று கேட்டால் பதில் வராது. பயம்தான் காரணம் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். பயம் என்பது ஒரே சரக்கு அல்ல. பிரித்துப் பார்த்தால்தான் எதற்கு எந்த வழி என்று தெரியும்.

எல்லா ஆபீஸிலும் இருக்கிற முதல் காரணம், பிரச்சினையைச் சொன்னவன் தலையிலேயே வேலை விழுவது. "இந்த ரிப்போர்ட்ல டபுள் என்ட்ரி வருதுண்ணே" என்று ஒருவர் சொன்னதும், "அப்படியா, நல்லது. நீயே அதைப் பாத்து முடிச்சிரு" என்பது நம் ஊர் வழக்கம். சொன்னவருக்கு ஏற்கெனவே ஒன்பது மணி நேர வேலை. அடுத்த முறை பார்த்தும் பார்க்காத மாதிரி போய்விடுவார். இதற்கு ஒரே விதி போதும்: குறையைச் சொன்னவருக்கு அந்த வேலையைக் கொடுக்கக் கூடாது. அவருக்கே விருப்பம் என்றால்கூட, ஒரு நாள் கழித்துத் தனியாகக் கேட்டு, இப்போது அவர் கையில் இருக்கும் வேலையில் ஒன்றை எடுத்துவிட்டுத்தான் தர வேண்டும்.

இரண்டாவது காரணத்தை எந்த ட்ரெய்னிங் ஸ்லைடிலும் பார்க்க முடியாது. உசிலம்பட்டி, மேலூர், திருமங்கலம் பக்கமிருந்து வருகிறவர்களில் பலர் ஒரு மாமாவோ சித்தப்பாவோ ஊர்க்காரரோ சொல்லி வேலைக்குச் சேர்ந்தவர்கள். அப்படிச் சேர்ந்தவர் மேனேஜரிடம் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசினால், சேர்த்துவிட்டவருக்கு மரியாதைக் குறைவு. சில மேலாளர்கள் இதைத் தெரிந்தே பயன்படுத்துவார்கள். பையனிடம் ஒன்றும் சொல்லாமல், சேர்த்துவிட்டவருக்குப் போன் போட்டு, "என்னண்ணே, உங்க பையன் ரொம்பப் பேசுறானே" என்பார்கள். அந்த ஒரு போன் போதும். ராத்திரிக்குள் வீட்டில் வசவு விழும், மறுநாள் காலை பஸ்ஸில் அந்த ஊரிலிருந்து வரும் அத்தனை பேருக்கும் செய்தி போய்விடும், அதன் பிறகு அந்த ஊர் ஆட்கள் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். வேலை சம்பந்தமான எதையும், புகழ்ச்சியாக இருந்தாலும்கூட, சேர்த்துவிட்டவரிடம் பேசுவதில்லை என்று முதல் நாளே அந்தப் பையனிடம் சொல்லிவிட வேண்டும். சொன்னபடி நடக்கவும் வேண்டும்.

மூன்றாவது, பட்டறைகளில் பீஸ் ரேட், அதாவது செய்த எண்ணிக்கைக்கு ஏற்ற கூலி. லைன் மணிக்கு 40 பீஸ் ஓடுகிறது. பெல்ட்டில் ஏதோ சத்தம் வருகிறது என்று ஒருவர் மிஷினை நிறுத்தி, ஃபிட்டர் வந்து பார்க்க 15 நிமிஷம் ஆகிறது. பத்து பீஸ் போச்சு. அது நிறுத்தினவர் இன்சென்டிவிலும் பக்கத்தில் நிற்கிறவர் இன்சென்டிவிலும் கழிகிறது. "பேசாம ஓட்டியிருக்கலாம்ல" என்று பக்கத்தில் நிற்பவரே முறைப்பார். சுவரில் 'பாதுகாப்பே முதல்' என்று போர்டு மாட்டி இதைச் சரிசெய்ய முடியாது. சொல்லி நிறுத்திய நேரத்துக்கான பத்து பீஸையும் கணக்கில் ஏற்றினால்தான் சரியாகும். சந்தேகம் பொய்த்துப்போய், மிஷினில் ஒன்றுமில்லை என்றாலும் ஏற்ற வேண்டும். அங்கேதான் நிறைய பேர் தவறுகிறார்கள்.

'சரி' என்றால் சரி இல்லை

"சரிங்க சார்" என்பதற்கு இங்கே மூன்று பொருள் உண்டு. காதில் விழுந்தது என்பது ஒன்று. ஒத்துக்கொள்கிறேன் என்பது இன்னொன்று. இப்போதைக்கு ஆளை விடுங்கள் என்பது மூன்றாவது, இதுதான் அதிகம். கேட்டவர் இரண்டாவதாக எடுத்துக்கொண்டு போகிறார். வெள்ளிக்கிழமை வேலை வரவில்லை என்றதும் "சரின்னுதானே சொன்ன?" என்று சத்தம்.

அதனால் "முடியுமா?" என்று கேட்பதையே விட்டுவிடலாம். அந்தக் கேள்விக்கு 'முடியாது' என்று சொல்வது மரியாதைக் குறைவாகப் படும். அதற்குப் பதில், எண்ணிலோ பொருளிலோ விடை வரும்படி கேட்க வேண்டும். "இதை எடுத்தா, கையில இருக்கிற எந்த வேலையை அடுத்த வாரத்துக்குத் தள்ளணும்?" "எத்தனை நாள் ஆகும், ரெண்டா அஞ்சா?" "இதுல எது சிக்கும்னு தோணுது?" இந்தக் கேள்விகளுக்குச் சரி என்று பதில் சொல்லவே முடியாது. 'எதுவும் சிக்குமா' என்று கேட்டால் 'இல்லண்ணே' என்று வரும். 'எது சிக்கும்' என்று கேட்டால் ஏதாவது ஒன்று வந்தே தீரும். இரண்டு மூன்று எழுத்துதான் வித்தியாசம்.

பணிவாகப் பேசியே உயிரை விட்ட கதை விமானத் துறையில் இருக்கிறது. 1990 ஜனவரி 25 அன்று கொலம்பியாவிலிருந்து நியூயார்க் வந்த அவியங்கா 52 விமானம், மோசமான வானிலையால் ஒரு மணி நேரத்துக்கு மேல் வானத்திலேயே வட்டமடிக்க வைக்கப்பட்டது. எரிபொருள் தீர்ந்துகொண்டிருந்தது. விமானிகள் முன்னுரிமை கேட்டார்கள், எரிபொருள் தீர்கிறது என்றும் சொன்னார்கள். 'எமர்ஜென்சி' என்ற சொல்லை மட்டும் தரைக் கட்டுப்பாட்டிடம் சொல்லவில்லை. அந்தச் சொல் வந்திருந்தால் வரிசையை விலக்கி வழி விட்டிருப்பார்கள். விமானம் லாங் ஐலண்டில் விழுந்தது, 158 பேரில் 73 பேர் இறந்தார்கள். "கொஞ்சம் பாத்துக்கங்க சார்", "ஒரு சின்ன டவுட்டு" என்பதெல்லாம் நம் ஊர் முன்னுரிமைக் கோரிக்கைகள். கேட்கிறவர் காதில் அவசரம் விழாது.

ஆகவே டீமுக்குள் இரண்டு மூன்று சொற்களை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வது நல்லது. 'நிறுத்துங்க' என்றால் காரணம் கேட்காமல் எல்லோரும் நிறுத்த வேண்டும். 'எனக்கு ஒப்பல' என்றால் விவாதம் வேண்டும். 'குறிச்சுக்கங்க' என்றால் இப்போது வேண்டாம், பதிவு செய்தால் போதும். சொல் எதுவானாலும் சரி, அதைச் சொல்வது திமிர் இல்லை என்று முதலில் எல்லோர் முன்னாலும் அறிவித்தவர் லீடாக இருக்க வேண்டும். ஒருவர் முதல்முறை 'நிறுத்துங்க' என்று சொல்லும் அன்றைக்குத்தான் பரீட்சை. அது வீண் அலாரமாக இருந்து, லீட் முகத்தைச் சுளித்தால் அந்தச் சொல் அன்றே செத்துவிடும்.

மீட்டிங்கில் துண்டு போடுவது

பேச வைக்க எளிய வழி முதலில் எழுத வைப்பது. பேச வேண்டிய விஷயத்தை முந்தின நாளே இரண்டு வரியில் அனுப்பிவிட வேண்டும். மீட்டிங் ஆரம்பித்ததும் மூன்று நிமிஷம் யாரும் பேசக் கூடாது. ஆளுக்கொரு துண்டுச் சீட்டில், இதில் எது தவறாகப் போகும் என்று ஒன்று மட்டும் எழுதுவார்கள். தமிழிலா ஆங்கிலத்திலா என்பது அவரவர் விருப்பம். இது சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் கிளையண்டோடு போனில் பேசும்போது ஆங்கிலம் வருமோ வராதோ என்று வாயை மூடிக்கொள்கிறவர், தமிழில் எழுதச் சொன்னால் அரைப் பக்கம் எழுதுவார். பிறகு லீட் சீட்டுகளை வாங்கி, பெயர் சொல்லாமல் வாசிக்க வேண்டும்.

வாசித்தபின் பேச்சு சின்னவரிடமிருந்து பெரியவரிடம் போக வேண்டும். சீனியர் முதலில் வாய் திறந்தால் மற்றவர்களுக்கு "அண்ணே சொன்னதுதான் எனக்கும்" என்பதோடு முடிந்தது. லீட் கடைசி. இதில் ஒரு சிக்கல் உண்டு: நேற்றுச் சேர்ந்த பெண்ணைத் திடீரென்று "நீ சொல்லும்மா" என்றால் அவருக்குக் கை நடுங்கும், அடுத்த வாரம் லீவு போடுவார். அதற்குத்தான் முந்தின நாள் தகவல். முதல் இரண்டு வாரம் அவர் எழுதிக்கொண்டு வந்த ஒரு வரியை வாசித்தால் மட்டும் போதும், விளக்கம் கேட்கக் கூடாது.

உலக சுகாதார நிறுவனம் 2008-ல் கொண்டுவந்த அறுவை சிகிச்சைச் சரிபார்ப்புப் பட்டியலில், கத்தி வைக்கும் முன் அறையில் இருக்கும் எல்லோரும் பெயரும் பொறுப்பும் சொல்லி அறிமுகம் செய்துகொள்ள வேண்டும் என்று ஒரு வரி இருக்கிறது. ஒருமுறை வாய் திறந்தவர், பிறகு தப்பைப் பார்த்தால் இரண்டாம் முறையும் திறப்பார் என்பதுதான் கணக்கு. தினசரி நின்றபடி நடத்தும் சின்ன மீட்டிங்கான ஸ்டாண்ட்-அப்பிலும் அப்படியே. முதல் இரண்டு நிமிஷத்தில் ஒவ்வொருவரும் ஒரு வாக்கியமாவது பேசிவிட வேண்டும். "பெரியார் பஸ் ஸ்டாண்டுல ட்ராஃபிக்" என்பதாக இருந்தாலும் பரவாயில்லை.

பெயர் போடாத ஆலோசனைப் பெட்டி மட்டும் வேண்டாம். பன்னிரண்டு பேர் இருக்கும் இடத்தில் பெயர் போடாத சீட்டு என்று ஒன்று கிடையாது. கையெழுத்து தெரியும், 'அங்கிட்டு இங்கிட்டு' என்று எழுதினால் யாரென்று தெரியும். மேலாளர் ஒரு பக்கம் துப்பறிவார், டீம் ஒரு பக்கம் துப்பறியும். பெட்டியைச் சிசிடிவி கேமராவுக்கு நேர் கீழே மாட்டிய இடங்களும் உண்டு.

கேட்பவர் வாயிலிருந்து வரும் முதல் வார்த்தைதான் எல்லாம். ஒருவர் குறை சொன்னதும் "யாரு சொன்னா?" என்று கேட்டால் கதை முடிந்தது. "எப்ப இருந்து இப்படி?" என்று கேட்டால் பேச்சு தொடரும். முதல் கேள்வி ஆளைத் தேடுகிறது, இரண்டாவது விஷயத்தைத் தேடுகிறது.

அழகர் ஆற்றில் இறங்கும் வாரம்

கேட்டு வாங்கவும் விட்டுக்கொடுக்கவும் பழகுவதற்குச் சம்பளப் பேச்சில் ஆரம்பிக்கக் கூடாது. தோற்றால் வலி அதிகம். மதுரையில் அதற்குத் தோதான பயிற்சிக் களம் சித்திரைத் திருவிழா லீவு. வருஷா வருஷம் வரும், எல்லோருக்கும் அக்கறை உண்டு, கிடைக்காவிட்டாலும் உலகம் மூழ்காது.

பதினான்கு பேர் கொண்ட யு.எஸ். ஷிஃப்ட் டீம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மெடிக்கல் பில்லிங் வேலை, எந்த ராத்திரியும் குறைந்தது ஐந்து பேர் சீட்டில் வேண்டும். கிளையண்டுக்கு அழகரையும் தெரியாது, வைகையையும் தெரியாது. வழக்கமாக என்ன நடக்கும்? பதினான்கு பேரும் "அழகர் லீவு" என்று நான்கு நாள் எழுதிக் கொடுப்பார்கள். லீட் சீனியாரிட்டி பார்த்து ஒன்பது பேருக்குக் கொடுத்துவிட்டு, "நீ கல்யாணம் ஆகாதவன்தானடா, இரு" என்று மிச்சப் பேரை உட்கார வைப்பார். அவர்களில் இரண்டு பேர் அன்று ராத்திரி காய்ச்சல் என்று மெசேஜ் போடுவார்கள்.

வேறு மாதிரி செய்யலாம். லீவு எத்தனை நாள் என்று கேட்காமல், ஒவ்வொருவரிடமும் மூன்றை எழுதி வாங்க வேண்டும்: எந்த நேரம் கட்டாயம் வேண்டும், எதை விடலாம், அதற்குப் பதில் என்ன தருவேன். எழுதினதும் படம் மாறிவிடும். திருக்கல்யாணத்தன்று வீட்டில் தாலிக்கயிறு மாற்ற வேண்டிய அக்காவுக்கு வேண்டியது காலை இரண்டு மணி நேரம். ராத்திரி ஷிஃப்டுக்கு அவர் வரலாம், தூங்க நேரம் கிடைத்தால் போதும், எட்டு மணிக்குப் பதில் பத்து மணிக்கு லாகின். தேர் பார்க்க வருகிறவர்களுக்கும் காலைதான். அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவைக்குத் தல்லாகுளம் போகிறவருக்கு அந்த ராத்திரி முழுக்க வேண்டும், விடிந்தால் ஆற்றில் இறங்குவதையும் பார்த்துவிட்டு மறுநாள் ராத்திரி தாராளமாக வருவார். தண்ணீர் பீய்ச்சுகிற வேண்டுதல் உள்ளவருக்கும் அதே ராத்திரி, அதே விடியல். அழகர்கோவில் சாலையில் நீர்மோர்ப் பந்தல் போடும் குடும்பத்துப் பையனுக்கு இரண்டு முழு நாள், இதில் குறைக்க இடமில்லை. ராமராயர் மண்டபத்துத் தசாவதாரம் பார்க்கிறவருக்கு அழகர் ஆற்றில் இறங்கிய மறுநாள் ராத்திரி. ஆக உண்மையான நெரிசல் ஒரே ஒரு ராத்திரியில்தான், எதிர்சேவை ராத்திரி. மற்றதெல்லாம் தானாகப் பிரிந்துவிடும்.

அந்த ஒரு ராத்திரிக்கு லீட் இருபது நிமிஷம் அறையை விட்டு வெளியே போய்விட வேண்டும். ஐந்து பேர் வேண்டும் என்ற எண் மட்டும் போர்டில் இருக்கட்டும். தீபாவளி முதல் நாள் லீவைத் தந்து இந்த ராத்திரியை வாங்குவார்கள், மூன்று ஞாயிற்றுக்கிழமை ஷிஃப்ட் பார்க்கிறேன் என்பார்கள். போன வருஷம் உட்கார்ந்தவர்கள் இந்த வருஷம் முதலில் எடுக்கலாம் என்பது ஒன்றுதான் முன்கூட்டியே போட வேண்டிய விதி, இல்லாவிட்டால் வாய் சாதுர்யம் உள்ளவரே வருஷா வருஷம் ஜெயிப்பார்.

இன்னொன்று: "பாய் இருக்காப்ல, அவர் பாத்துக்குவாரு" என்று கேட்காமலே ஒருவர் பெயரை எழுதிவிடும் பழக்கம். கோரிப்பாளையத்தில் வீடு இருக்கும் ஆளுக்கு அந்த ராத்திரி ஏ.வி. பாலம் பக்கமெல்லாம் கூட்டமும் தடுப்புமாக இருக்கும், கேப் உள்ளே வராது, வெளியேயும் வர முடியாது. அவருக்கும் அன்று ஒரு நியாயமான கோரிக்கை இருக்கலாம். ரம்ஜானுக்கு மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டால் சந்தோஷமாகச் சரி என்பார். கேட்காமல் எழுதினால் ஒன்றும் சொல்ல மாட்டார், மனதில் வைத்துக்கொள்வார்.

சம்பளம் பேசச் சொல்லிக் கொடுப்பது

ஒரு மேலாளர் தன் ஆளுக்கே சம்பளம் கேட்கச் சொல்லிக்கொடுப்பதா என்று சிலருக்குத் தோன்றும். கேட்கத் தெரியாதவர் கேட்காமலே வேறு வேலை தேடிக்கொண்டு, ஒரு நாள் ராஜினாமா பேப்பர் போடுவார். புது ஆளை எடுத்துப் பழக்க ஆகிற செலவோடு ஒப்பிட்டால் கேட்கச் சொல்லிக்கொடுப்பது மலிவு.

முதலில் நேரம். ஏப்ரலில் அப்ரைசல் லெட்டர் வரும் கம்பெனியில் மார்ச் கடைசியில் போய்க் கேட்பவர், பந்தி முடிந்தபின் இலை போடுகிறார். பட்ஜெட் அதற்குள் முடிந்திருக்கும். பொங்கல் லீவு முடிந்து வரும் வாரம் சரியான நேரம். ஜவுளிக்கடையில் தீபாவளி போனஸை ஐப்பசியில் கேட்டால் முதலாளி கையில் பணம் இருக்காது, எல்லாம் சரக்காக அலமாரியில் இருக்கும். ஆடித் தள்ளுபடி முடிந்த கையோடு கேட்பது உத்தமம்.

அடுத்து கணக்கு. சி.டி.சி. என்று சொல்லும் தொகையை, அதாவது ஒரு ஆளுக்குக் கம்பெனி செய்யும் மொத்தச் செலவை வைத்துப் பேரம் பேசுகிறவர்களில் பாதிப் பேருக்குக் கையில் எவ்வளவு வரும் என்று தெரியாது. வருஷம் 3,60,000 என்றால் மாதம் 30,000. அதில் பேசிக், அதாவது அடிப்படைச் சம்பளம், 15,000 என்று வையுங்கள். கம்பெனி கட்டும் பி.எஃப். 12 சதவீதம், 1,800 ரூபாய், அந்த 30,000-க்குள்ளேயே அடங்கும். கிராஜுவிட்டி என்ற பணிக்கொடைக்கு ஒதுக்குவது சுமார் 721. மிச்சம் 27,479. அதில் ஊழியர் பங்கு பி.எஃப். இன்னொரு 1,800 போனால் கையில் 25,679. தொழில் வரியும் இன்ஷூரன்ஸும் இருந்தால் இன்னும் குறையும். இந்தக் கணக்கை லீட் ஒருமுறை எல்லோருக்கும் போர்டில் போட்டுக் காட்ட வேண்டும். "கையில 30,000 வரணும்" என்று நினைத்துக்கொண்டு "3,60,000 போதும்" என்று தலையாட்டிவிட்டு, முதல் சம்பளத்தன்று ஏமாந்தது போல நிற்பவர்கள் ஏராளம். வேரியபிள் என்று கூடிக் குறையும் ஒரு பகுதி இருந்தால் அது போன வருஷம் உண்மையில் எத்தனை சதவீதம் கிடைத்தது என்று கேட்கவும் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

பிறகு பேச்சு. எதற்காக வருகிறார் என்று முன்பே சொல்லிவிடுவது நல்லது: "அண்ணே, வியாழக்கிழமை ஒரு பத்து நிமிஷம் தனியாப் பேசணும். சம்பள விஷயம்." அப்போது எதிரில் இருப்பவரும் தயாராக வருவார். அங்கே சொல்ல வேண்டியது மூன்று வேலை, ஒரு தொகை. "ரெண்டு பேர் பாத்த வேலை க்யூவ ஆறு மாசமா நான் ஒருத்தனே பாக்குறேன். எரர் அஞ்சு சதவீதத்துல இருந்து ரெண்டுக்கு வந்திருக்கு. புதுசா வந்த நாலு பேருக்கு நான்தான் ட்ரெய்னிங் கொடுத்தேன். 4,20,000 எதிர்பார்க்கிறேன்." இத்தோடு நிறுத்த வேண்டும்.

நிறுத்துவதுதான் கஷ்டம். எதிரில் இருப்பவர் பேனாவை உருட்டுவார், ஜன்னலைப் பார்ப்பார். நாலு விநாடி ஆகும். அதற்குள் இவரே "இல்லேன்னாலும் பரவாயில்லண்ணே, பாத்துச் செய்யுங்க" என்பார். கேட்ட அறுபதாயிரமும் அந்த ஒரு வரியில் போய்விடும். இதை ஒத்திகை பார்த்துத்தான் பழக்க முடியும். இரண்டு பேரை எதிரெதிரே உட்கார வைத்து, தொகையைச் சொன்னபின் பத்து வரை மனதுக்குள் எண்ணச் சொல்ல வேண்டும். முதல் தடவை சிரித்துவிடுவார்கள். மூன்றாம் தடவை வந்துவிடும்.

வீட்டுக் கஷ்டத்தைச் சொல்லலாமா? தங்கச்சி கல்யாணம், அப்பாவுக்கு ஆபரேஷன், வட்டி. நம் ஊர்க் கடைகளிலும் குடும்பக் கம்பெனிகளிலும் முதலாளி இதைக் கேட்டு மனம் இளகத்தான் செய்வார். ஆனால் கொடுப்பது அட்வான்ஸாக இருக்கும். அது மாதாமாதம் சம்பளத்தில் பிடிக்கப்படும், பிடித்து முடியும்வரை வேறு எதையும் கேட்க வாய் வராது. கஷ்டத்தையும் சம்பளத்தையும் ஒரே நாளில் பேசாமல் இருப்பது நல்லது.

ஒரே கோரிக்கையை ஆண் கேட்டால் "தைரியமாப் பேசுறான்", பெண் கேட்டால் "வாய் ஜாஸ்தி". மேலாளர்கள் தங்கள் அப்ரைசல் குறிப்புகளை எடுத்து இந்த மாதிரிச் சொற்களைத் தேடிப் பார்க்கலாம். பெண்கள் பக்கத்தில் மட்டும் 'அனுசரிப்பு', 'அமைதி' என்று பாராட்டு இருந்தால், அங்கே அமைதிக்குத்தான் மார்க் விழுகிறது. அப்புறம் அவர்கள் எப்படிப் பேசுவார்கள்? இன்னொரு யோசனை: தனக்காகக் கேட்கக் கூசுகிறவர்கள் மற்றவர்களுக்காக நன்றாகக் கேட்பார்கள். ராத்திரி கேபில் கடைசி ட்ராப் பெண்ணாக இருக்கக் கூடாது என்ற கோரிக்கையை நான்கு பேர் சார்பில் ஒருவர் பேசட்டும். பிறகு தன் சம்பளத்தைப் பேசுவது அவருக்குப் பெரிய மலையாக இருக்காது.

இங்கே துண்டைப் பற்றி ஒரு எச்சரிக்கை. சந்தையில் விரல்தான் ரகசியம், அந்த வாரம் ஒரு ஜோடி மாடு என்ன விலை போகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆபீஸில் அந்தச் சந்தை விலையே தெரியாது. தனியாகப் பேசுவதை மட்டும் ஊக்குவித்து, ஒவ்வொரு நிலைக்கும் சம்பளம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை மறைத்தால், வாய் உள்ளவர் வாங்குவார், மற்றவர் ஏமாறுவார். ஒருநாள் டீக்கடையில் இரண்டு பே ஸ்லிப்பும் பக்கத்தில் பக்கத்தில் வரும். அதனால் கீழ் எல்லையும் மேல் எல்லையும் வெளிப்படையாக இருக்கட்டும், நடுவில் யாருக்கு எவ்வளவு என்பது துண்டுக்குள் இருக்கலாம்.

பேரம் பேசக் கூடாதவை

சில விஷயங்களில் ஆளைப் பேச வைப்பதே தப்பு. கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-ல் திருத்தம் வந்துவிட்டது. "அக்கா, கொஞ்சம் உக்காந்துக்கலாமா?" என்று ஒரு சேல்ஸ் பெண் கெஞ்ச வேண்டிய நிலையில் வைத்துக்கொண்டு, 'எங்க கடையில எல்லாரும் மனசு விட்டுப் பேசலாம்' என்பதில் அர்த்தமில்லை. ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளம், 20 பேரோ அதற்கு மேலோ உள்ள இடத்தில் தகுதியுள்ளவர்களுக்குக் குறைந்தது 8.33 சதவீத போனஸ், குறைந்தபட்சக் கூலி எல்லாம் இந்தக் கணக்கில்தான் வரும். பாலியல் தொந்தரவு புகாரை லீடே "பேசித் தீத்துக்கலாம்" என்று கையில் எடுக்கக் கூடாது. 2013 சட்டப்படி பத்துப் பேருக்குக் குறையாத இடத்தில் உள்ளகக் குழு இருக்க வேண்டும், புகார் அங்கே போக வேண்டும்.

பதில் சொல்லும் நோட்டு

கேட்க வைத்தாகிவிட்டது. இனி பதில் வராவிட்டால் முன்பைவிட மோசம். முன்பு கேட்டிருந்தால் கிடைத்திருக்குமோ என்ற நினைப்பாவது இருந்தது.

ஒரு நீள நோட்டு போதும், எக்செல் என்றாலும் சரி. என்ன கேட்டார்கள், எந்தத் தேதி, யார் பதில் சொல்ல வேண்டும், என்ன பதில் என்று நாலு பத்தி. ஏழு நாளுக்குள் நாலாவது பத்தி நிரம்ப வேண்டும். 'முடியாது' என்பதும் பதில்தான், ஆனால் அதோடு ஏன் என்பதும், எது மாறினால் முடியும் என்பதும், மறுபடி எப்போது கேட்கலாம் என்பதும் வர வேண்டும். "இப்ப பட்ஜெட் இல்ல. க்யூ ரெண்டாவது கிளையண்டுக்கும் போனா பேசலாம். ஜூலை முதல் வாரம் நானே கூப்பிடுறேன்." சம்பள விஷயம் இந்தப் பொது நோட்டில் வரக் கூடாது, அது இருவருக்கும் மட்டும் ஒரு மெயிலில். வாட்ஸ்அப் குரூப்பில் பேசித் தீர்த்ததாக எதையும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கட்டைவிரல் படம் என்பது 'சரிங்க சார்' என்பதன் மறுபிறவி.

ஆரம்பித்த இரண்டு மூன்று மாதத்தில் குறைகளும் கோரிக்கைகளும் கூடும். மேலிடத்தில் கலவரமாவார்கள்: "நல்லாத்தானே இருந்துச்சு, இப்ப என்ன இத்தனை கம்ப்ளெய்ன்ட்?" அமெரிக்க ஆய்வாளர் ஏமி எட்மண்ட்சன் மருத்துவமனைக் குழுக்களில் மருந்துப் பிழைகளை ஆராய்ந்து 1996-ல் எழுதியபோது இதே புதிரைத்தான் சந்தித்தார். நல்ல தலைமை இருந்த குழுக்களில் பதிவான பிழைகள் அதிகமாக இருந்தன. அங்கே தப்பை வெளியே சொல்ல முடிந்தது என்பதே அவர் கண்ட விளக்கம். இந்த ஒரு தகவலை மேலிடத்துக்கு முன்கூட்டியே சொல்லி வைத்துவிட்டால் மூன்றாம் மாதம் வேலை எளிது.

நோட்டில் பார்க்க வேண்டியது எண்ணிக்கையை அல்ல. ஒரே மூன்று பேர் பெயர் திரும்பத் திரும்ப வருகிறதா, ராத்திரி ஷிஃப்டிலிருந்து ஒன்றுகூட வரவில்லையா, ஹவுஸ்கீப்பிங் அக்காக்களிடம் யாராவது கேட்டார்களா என்று பாருங்கள். பிறகு நாலாவது பத்தியைப் பாருங்கள். அங்கே 'பார்க்கலாம்' என்று எழுதியிருந்தால் அடித்துவிட்டு, ஒரு தேதி போடுங்கள்.